இடது காலுக்கு வேலை இல்லை

நில அளவை வேலை செய்கிற ஒருத்திக்கு வண்டி இல்லாமல் போவது பாதிப் பிழைப்பு போன மாதிரி. அவளுடைய பழைய வண்டியின் அடிச்சட்டம் துருவேறி, பற்றவைக்கக்கூட நல்ல இரும்பு மிச்சமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஊருக்குள் மனை அளக்கப் போவதற்கு வாடகைக் கார் போதும். ஆனால் அவளைத் தேடி வருகிற வேலையெல்லாம் மலைச்சரிவுத் தோட்டங்களும் கல்குவாரிகளும்தான். கருவி, முக்காலி, எல்லைக்கல், கடப்பாரை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சேற்றில் ஏறி இறங்க வேண்டும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற டீசல் வண்டிதான் அதற்குத் தோது. புதிதாக வாங்குகிற வசதி கிடையாது. இரண்டு வாரம் அலைந்து தேடியதில் இரண்டு பழைய வண்டிகள் அகப்பட்டன. ஒரே மாடல், ஒரே வருஷம், நிறம்கூட ஏறக்குறைய ஒன்று. ஒன்று கியர் போட்டு ஓட்டுவது. இன்னொன்று ஆட்டோமேட்டிக்.

எதை வாங்கலாம் என்று கேட்க அவளுக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் விவாகரத்து வாங்கிக்கொண்ட ஆள்.

அவன் கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கிற மெக்கானிக். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற வண்டியின் கியர்பெட்டிமேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். மற்ற மெக்கானிக்குகள் கைவிட்ட பெட்டிகள் அவன் பட்டறைக்கு வரும். ஊரில் யாருக்கும் அவன் பெயர் நினைவிருக்காது, கியர்பாக்ஸ்காரர் என்றால் குழந்தைகூட வழி சொல்லும்.

பிரிந்ததற்குப் பெரிய கதையெல்லாம் இல்லை. அவன் குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், வேறு பக்கம் திரும்பிப் பார்த்ததும் இல்லை. எதைச் செய்தாலும் அதை இன்னும் சரியாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது என்று சொல்வான், அவ்வளவுதான். வெங்காயம் நறுக்கினால் கத்தி பிடிக்கும் விதம், கதவைச் சாத்தினால் சாத்தும் வேகம், துணி காயப்போட்டால் கிளிப் மாட்டும் இடம். சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் தாங்க முடியாமல் போனது. பத்தொன்பது வருஷம் கழித்து ஒருநாள், சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் ஜக்கை அப்படியே வைத்துவிட்டு, “எனக்குப் போதும்ங்க” என்றாள். தண்ணீரைத்தான் சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அவனிடம் கேட்கச் சொன்னது மகள். வேறு ஊரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். “அப்பாகிட்டயே கேளும்மா. வாழறதுக்குத்தான் அவர் உனக்குச் சரிப்பட்டு வரல. கியர்பாக்ஸுக்கு அவரை விட்டா யாரு இருக்கா?” என்றாள் போனில். அந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும், அதனால் திட்டவில்லை.

போனைக் கையில் எடுத்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. என்னவென்று கூப்பிடுவது? பத்தொன்பது வருஷமும் ‘ஏங்க’தான். இப்போது அது பொருந்தாது. ‘சார்’ என்றால் தனக்கே சிரிப்பு வரும். ‘அண்ணே’ என்றால் ஊரே சிரிக்கும். கடைசியில் ஒன்றும் கூப்பிடாமல், “நான்தான் பேசறேன்” என்றாள்.

“சொல்லுங்க” என்றான் அவன். கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்றிலிருந்து அவனும் அவளை ‘நீங்க’ ஆக்கியிருந்தான்.

விஷயத்தைச் சொன்னாள். அவன் நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. “சனிக்கிழமை காலையில வர்றேன். ரெண்டையும் பார்த்துடலாம். ஆனா இப்பவே ஒண்ணு சொல்லிடறேன்...”

“இப்ப வேண்டாம். பார்த்துட்டுச் சொல்லுங்க.”

“சரி” என்றான். அவன் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

சனிக்கிழமை பட்டறை வேனில் வந்தான். தலைமுடி காதோரம் நரைத்திருந்தது. முன்சீட்டில் கழற்றிய கியர்பாக்ஸ் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்கு சீட் பெல்ட்டும் போட்டு விட்டிருந்தான்.

“எனக்கு ஒரு நாளும் இப்படி மாட்டி விட்டதில்ல” என்றாள்.

“நீங்க உருண்டு விழ மாட்டீங்க” என்று சொல்லிக்கொண்டே அதைத் தூக்கிப் பின்னால் வைத்து, சீட்டில் பழைய துண்டை விரித்தான்.

ஏறி உட்கார்ந்ததும் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். “வண்டியை நான்தான் ஓட்டிப் பார்ப்பேன். ஓட்டும்போது நீங்க பேசக் கூடாது. இறங்கினதுக்கப்புறம் எவ்வளவு வேணா பேசுங்க.”

அவன் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினான்.

முதல் வண்டி ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவருடையது. அதற்கென்றே கூரை போட்டு, தரையில் சிமெண்ட் பூசி, சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்து நிறுத்தியிருந்தார். எண்ணெய் மாற்றிய தேதி, டயர் மாற்றிய தேதி எல்லாம் ஒரு நோட்டில் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன. “இது என் மூணாவது பிள்ளை. மத்த ரெண்டும் சொன்ன பேச்சு கேக்காது” என்றார். கண்பார்வை மங்கிவிட்டதால்தான் விற்கிறாராம். மெக்கானிக் தரையில் அட்டையைப் போட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். கால்மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, நல்ல சாப்பாடு சாப்பிட்டவன் முகம் மாதிரி இருந்தது.

அவள் ஓட்டினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். தெரு முனை வரைக்கும் பிரச்சினையில்லை. கிளட்ச் கொஞ்சம் கனம், கியர்க் குச்சி வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது. பெரிய சாலைக்கு வந்ததும் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் வாய் திறக்கவில்லை. ஆனால் அவள் கியர் மாற்ற வேண்டிய இடம் வரும்போதெல்லாம் அவன் இடது கால் தரை விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது. அழுத்து. மேடு வருகிறது, மறுபடி இரண்டாவது. அழுத்து. அவள் அரை வினாடி தாமதித்தால் அவன் கட்டைவிரல் தொடையில் தட்டியது.

தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் செங்குத்தான மேட்டில், வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி எடுத்துப் பார்த்தாள். வண்டி இரண்டு அடி பின்னால் உருண்டு, ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது. மறுபடி முயன்றாள். மறுபடி அணைந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மூன்றாவது தடவை புகை பறக்க ஏறியது.

“சொல்லிடுங்க” என்றாள் மேலே போனதும். “வயித்துக்குள்ளயே வச்சிருந்தா அஜீரணமாயிடும்.”

“நான் ஒண்ணும் சொல்லலியே.”

“உங்க காலு சொல்லிச்சு.”

அவன் தன் காலைப் பார்த்தான். அது பாட்டுக்கு விரிப்பில் ஒரு மடிப்பு உண்டாக்கியிருந்தது. குனிந்து கையால் நீவிவிட்டான்.

இறங்கியதும் அவன் தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. “குறையே இல்ல. பெட்டி இன்னும் பதினஞ்சு வருஷம் ஓடும். கிளட்ச் தேஞ்சா எந்த ஊர்லயும் மாத்திக்கலாம். பேட்டரி செத்தாக்கூட ரெண்டு பேர் தள்ளினா ஸ்டார்ட் ஆயிடும். கண்ணை மூடிட்டு வாங்கலாம்.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னொண்ணையும் பார்த்துடுவோம்” என்றான்.

இரண்டாவது வண்டிக்குச் சொந்தக்காரி பல் டாக்டர். கிளினிக்கில் ஏழெட்டுப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் முகமூடியைக்கூட இறக்காமல் சாவியை நீட்டினார். “எவ்வளவு தூரம் வேணாலும் ஓட்டிப் பாருங்க. எனக்கு மதியம் வரைக்கும் தலை நிமிர நேரமில்ல.” வண்டி பின்பக்கம் வெயிலில் நின்றிருந்தது. உள்ளே கிராம்பு எண்ணெய் வாசனை. நோட்டு, கணக்கு எதுவும் கிடையாது. எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேட்டதற்கு, “மாத்தணுமா?” என்று கேட்டார் டாக்டர். மெக்கானிக் கண்ணை மூடித் திறந்தான்.

அவள் அந்த வண்டியை ஊர் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகக் கல்குவாரிப் பாதைக்கு விட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அளந்த குவாரி அது. இப்போது வேலை நின்றுவிட்டது, லாரி போன தடம் மட்டும் கிடந்தது. முதல் இரண்டு கிலோமீட்டர் அவளுக்கே விசித்திரமாக இருந்தது. இடது காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கல்யாண வீட்டுக்கு வேலை செய்ய வந்தவனை, வேலை இல்லை, உட்கார்ந்து சாப்பிடு என்று சொன்ன மாதிரி அது திகைத்துப்போய்க் கிடந்தது. அப்புறம் மெதுவாக மறந்துபோனாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. பார்வை பாதையில் இருந்தது.

பள்ளம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினாள். அவனும் இறங்கினான். அவள் சரிவின் விளிம்பில் நின்று, காலால் இரண்டு கல்லை உருட்டிவிட்டு, அவை போகும் வழியைப் பார்த்தாள். நடுவில் மழைநீர் அறுத்த ஓடை. வலப்பக்கம் பாறை தெரிந்தது, இடப்பக்கம் உதிரி மண்.

“பதினேழு டிகிரி இருக்கும். நடுவுல ஒரு பத்து மீட்டர் மட்டும் இருபது” என்றாள்.

“கருவி இல்லாம எப்படிச் சொல்றே?” என்றான். ‘நீங்க’ எங்கே போயிற்று என்று இருவரும் கவனிக்கவில்லை.

“அதுதானே என் பொழப்பு. வலது சக்கரத்தைப் பாறை மேலயே வச்சு இறக்கணும். ஓடைக்கு இந்தப் பக்கமே போயிடலாம்.”

அவன் அவளோடு எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறான். அவள் வேலை செய்யும் இடத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. சரிவில் இறங்கிப் போய், திரும்பி வந்து, ஒரு இடத்தில் குச்சியை நட்டு அடையாளம் வைத்த அந்தப் பெண்ணை வேறு யாரையோ பார்க்கிற மாதிரி பார்த்தான்.

மெதுகதிக்கான சின்ன லீவரை இழுத்து, முதல் கியரிலேயே நிற்கும்படி பூட்டி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி எறும்பு மாதிரி இறங்கத் தொடங்கியது. நடுவில் கொஞ்சம் வேகம் பிடித்தபோது பிரேக்கை லேசாகத் தொட்டாள். வலது சக்கரம் அவள் சொன்ன பாறையின் மேலேயே போனது. கீழே வந்து நின்றதும் இன்ஜினை அணைத்தாள். குவாரிச் சுவருக்குள் சத்தமே இல்லை. எங்கோ தேங்கிய தண்ணீரில் தவளை ஒன்று குதித்தது.

“இப்ப பேசலாமா?” என்றான்.

“பேசுங்க.”

“இதே சரிவுல அந்தக் கியர் வண்டி இன்னும் மெதுவா இறங்கும். இன்ஜின் நல்லாப் பிடிச்சு வச்சுக்கும். பிரேக்கே தொட வேண்டாம்.”

“தெரியும். படிச்சுட்டுத்தான் வந்தேன்.”

“பின்ன?”

அவள் கண்ணாடி வழியாகச் சரிவைப் பார்த்தாள். சொல்வதா வேண்டாமா என்ற யோசனை இல்லை. எப்படிச் சொன்னால் சண்டை மாதிரி கேட்காது என்ற யோசனை.

“எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தது நீங்கதான். நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. ஆனா இன்னைக்கு வரைக்கும் கிளட்ச்சுல காலை வச்சா உங்க குரல் கேக்குது. ‘முழுசா மிதி. இப்ப விடு. விடுன்னா விடு.’ தனியாத்தான் ஓட்டறேன், மலை மேல யாருமே இல்ல, ஆனாலும் கேக்குது. பதட்டத்துல வண்டியை அணைச்சுடறேன். இந்த வண்டில வந்தேன் பாருங்க, இவ்வளவு தூரம், ஒரு தடவைகூடக் கேக்கல.”

 இப்படி ஒன்று இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. தன் குரல் பட்டறைக்குள், வீட்டுக்குள் இருந்ததாகத்தான் நினைத்திருந்தான். அவள் தலைக்குள் குடியிருந்துகொண்டு மலையேறியது அவனுக்குத் தெரியாது.

“அந்தக் காலத்துல கிளட்ச் பிளேட்டு ரொம்ப விலை” என்றான் கடைசியில், சின்னக் குரலில்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆமா. பொண்டாட்டியை விட விலை.”

“அப்படிச் சொல்லாதே.”

“சரி, சொல்லல.”

ஏறும்போதும் வண்டி ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. உதிரி மண்ணில் கியர் மாற்றுகிற நொடியில்தான் கியர் வண்டிகள் மூச்சை விட்டுவிடும். இதில் அந்த இடைவெளியே இல்லை, இழுத்த இழுப்பு இழுத்தபடி மேலே கொண்டுவந்துவிட்டது. அதை அவனே ஒப்புக்கொண்டான்.

திரும்பும் வழியில் அவன் ஓட்டிப் பார்க்கக் கேட்டான். இடம் மாறினார்கள். முப்பது மீட்டர் போவதற்குள் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பழக்க தோஷத்தில் அவன் இடது கால் கிளட்ச் என்று நினைத்து அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. இரண்டு பேரும் பெல்ட்டில் தொங்கினார்கள். ஆடு நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

அவள் வாயைத் திறக்கவில்லை. சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதே கால், அதே மிதி. இப்போது அவளால் பொறுக்க முடியவில்லை. “இடது காலை மடக்கிப் பின்னாடி வச்சுக்குங்க. அதுக்கு இங்க வேலை இல்ல” என்றாள். அவன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

பெரிய சாலையில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. வரிவரியாகக் கீறிய சிமெண்ட் தரைமேல் போகிற மாதிரி ஒரு நடுக்கம். ஒரு வினாடிதான். அவள் டயரில் ஏதோ கல் என்று நினைத்தாள். அவன் முகம் மாறியது. வேகத்தைக் குறைத்து, மறுபடி கூட்டினான். அதே வேகத்தில் அதே நடுக்கம். ஓரமாக நிறுத்தி, மூடியைத் திறந்து, பெட்டியின் எண்ணெய் அளவுக் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தான். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்துக் காபி மாதிரி இருந்தது. முகர்ந்து பார்த்தான். தீய்ந்த வாசனை.

வேண்டாம் என்று சொல்ல இதைவிட நல்ல காரணம் அவனுக்குக் கிடைக்கப்போவதில்லை. அங்கே குறையே இல்லாத கியர் வண்டி, இங்கே எண்ணெய் கருகிய ஆட்டோமேட்டிக். எந்த மெக்கானிக்கும் யோசிக்காமல் சொல்லிவிடுவான். ஆனால் சொல்லப்போவது மெக்கானிக்கா, குவாரிக்குள் அடிபட்டு வந்த பழைய புருஷனா என்று அவனுக்கே பிடிபடவில்லை. துணியை நாலாக மடித்தான். பிறகு எட்டாக மடித்தான்.

“என்னன்னு சொல்லுங்க” என்றாள்.

“இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவுல எண்ணெய் நிரம்பின ஒரு உருண்டை இருக்கு. கன்வெர்ட்டர்னு பேரு. கிளட்ச் செய்யற வேலையை அதுதான் செய்யுது. அதுக்குள்ள ஒரு பட்டை நழுவுது. அதான் நடுக்கம். பழைய எண்ணெயால நழுவுதுன்னா, மூணு தடவை எண்ணெயை மாத்தினா போயிடும். பட்டையே தேஞ்சு போயிருந்தா பெட்டியை இறக்கணும், பெரிய செலவு.”

“ரெண்டுல எது?”

“எனக்குத் தெரியல.”

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். “இன்னொரு தடவை சொல்லுங்க.”

“என்ன?”

“இப்ப சொன்னீங்களே, தெரியலன்னு. பதிவு பண்ணி மகளுக்கு அனுப்பறேன்.”

“விளையாடாதே” என்றான், ஆனால் கோபமில்லை. “நூத்துக்கு அறுபது, எண்ணெய்தான் காரணமா இருக்கும்னு தோணுது. என்னைக் கேட்டா நான் வாங்க மாட்டேன். ஆனா நான் கியர் ஆளு. மலைக்குப் போகப்போறது நீ. எது வேணும்னு நீதான் சொல்லணும்.”

கிளினிக்கில் கூட்டம் குறைந்திருந்தது. அவள் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். நடுக்கம் இருக்கிறது, எண்ணெயை எங்கள் செலவில் மாற்றிப் பார்க்கிறோம், ஒரு வாரம் வண்டி எங்களிடம் இருக்கட்டும், சரியானால் வாங்கிக்கொள்கிறேன், ஆகாவிட்டால் புது எண்ணெயோடு திருப்பித் தருகிறேன் என்றாள். டாக்டர் முகமூடியை இறக்கிச் சிரித்தார். “நானும் எக்ஸ்ரே எடுக்காம பல்லுல கை வைக்க மாட்டேன். எடுத்துட்டுப் போங்க.”

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனாள். பிரிந்த பிறகு அங்கே கால் வைத்ததில்லை. சுவரில் சாவிகளும் ஸ்பேனர்களும் அளவு வரிசையில் தொங்கின, ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் வடிவம் பெயிண்டில் வரைந்திருந்தது. அவன் அடித்தட்டைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான். சாம்பல் நிறத்தில் பசை மாதிரி பொடி படிந்திருந்தது. “விரலால தேச்சுப் பாரு. சில்லு ஏதாவது குத்துதா?”

தேய்த்தாள். “இல்ல. மை மாதிரி இருக்கு.”

“நல்லது. சில்லு இருந்தா இன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும்.”

முதல் தடவை எண்ணெய் மாற்றியபோது நடுக்கம் பாதியானது. புதன்கிழமை இரண்டாவது தடவை. வெள்ளிக்கிழமை மூன்றாவது. சனிக்கிழமை அவள் தனியாக நூறு கிலோமீட்டர் ஓட்டினாள். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டும் ஒரே ஒரு தடவை நடுங்கியது, தூக்கத்தில் குழந்தை சிணுங்குகிற அளவு. பிறகு இல்லை.

அதை அவனிடம் மறைக்காமல் சொன்னாள். அவனும் மறைக்காமல், “முழுசாப் போகல. திரும்ப வந்தாலும் வரும்” என்றான். அன்று மாலையே வண்டியை வாங்கினாள். தபால் அதிகாரிக்குப் போன் செய்து, உங்கள் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எனக்குத்தான் கால் பத்தவில்லை என்றாள். அவர், “இன்னும் கொஞ்ச நாள் என்கூடவே இருக்கட்டும்” என்றார்.

பதினான்கு மாதம் அந்த வண்டி அவளுக்கு உழைத்தது. ஒரு மழைக்காலம் முழுக்க மலைச்சரிவில் தோட்ட எல்லை ஒன்றுக்காக வாரம் மூன்று நாள் ஏறி இறங்கினாள். ஒரு தடவைகூட மேட்டில் அணையவில்லை. பெட்டி எண்ணெயைப் பார்ப்பதற்காக மாதம் ஒரு முறை பட்டறைக்குப் போவாள். இரண்டு நாற்காலி போட்டு டீ குடிப்பார்கள். அவன் இப்போதும் அவள் வண்டியை நிறுத்துகிற விதத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுப்பான். டீயைக் குடித்து விழுங்கிவிடுவான்.

பதினைந்தாவது மாதம் நடுக்கம் திரும்பி வந்தது. இந்த முறை குளிர், சூடு பார்க்காமல் வந்தது. அறுபது போக மீதி நாற்பதில் விழுந்துவிட்டது. பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். கன்வெர்ட்டரைப் பெரிய ஊருக்கு அனுப்பி வெட்டிப் புதுப்பித்து வாங்கினார்கள். சேர்த்து வைத்திருந்ததில் கணிசமாகப் போய்விட்டது. ஆனால் தேய்ந்த பட்டையின் பொடி படிந்த பெட்டியைப் பிரித்துக் கழுவ அவன் வெளியே கொடுக்கவில்லை. முப்பது வருஷத்தில் அவன் திறந்த முதல் ஆட்டோமேட்டிக் பெட்டி அது. தடிப்புத்தகம் ஒன்றை வரவழைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து நாள் படித்தான்.

பதினோராவது நாள் போன் வந்தது. “கொஞ்சம் வர முடியுமா? ஒரு படம் புரியல.”

போனாள். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, பெட்டியின் மூளை என்று அவன் சொன்ன அலுமினியத் தட்டைப் பிரித்து வைத்திருந்தான். எறும்புப் புற்று மாதிரி வளைந்து வளைந்து போகும் எண்ணெய் வழிகள். அவற்றுக்குள் ஒன்பது சின்ன இரும்புக் குண்டுகள், ஒவ்வொன்றும் மிளகு அளவு. புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து ஒன்பதையும் வைத்துப் பார்த்திருந்தான். ஆனால் ஒரு குண்டுக்கு இடமே சரியாக அமையவில்லை. இரண்டு நாளாக அதே இடத்தில் நிற்கிறானாம்.

அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். வரைபடம் என்றால் அவளுக்கு முதலில் தேடத் தோன்றுவது எந்தத் திசையிலிருந்து பார்த்தது என்பதுதான். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த அம்புக்குறியைப் பார்த்தாள். தட்டின் ஒரு மூலையில் இருந்த துளையைப் பார்த்தாள். புத்தகத்தைக் கவிழ்த்து, அந்த ஒரு தாளை மட்டும் சன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்து, தாளின் பின்பக்கமாக வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இது கீழேருந்து பார்த்த படம். நீங்க மேலேருந்து வச்சிருக்கீங்க. இடதும் வலதும் மாறிப்போச்சு. எட்டு குண்டு தப்பான இடத்துலயே போய் உக்காந்துக்கிச்சு. ஒண்ணுதான் மாட்டேன்னு சொல்லியிருக்கு.”

அவன் படத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். அப்படியே பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருப்பான் போல, நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பிறகு இடுக்கியை எடுத்து, ஒன்பது குண்டுகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துணிமேல் வரிசையாக வைத்தான்.

“நீ படிச்சுச் சொல்லு. நான் வைக்கிறேன்.”

மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அவள் சொன்னாள், அவன் வைத்தான். ஒரு குண்டு கை நழுவி உருண்டபோது இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள், அவள் செருப்புக்கு அடியில் கிடைத்தது. நாலு மணிக்குத் தட்டை மூடி திருகாணிகளை முடுக்கினான். எந்த ஆணி முதலில், எது அடுத்தது என்ற வரிசையையும் அவளையே புத்தகத்திலிருந்து படிக்கச் சொன்னான்.

அந்தச் செய்தியைக் கேட்ட மகள், நீங்க ரெண்டு பேரும் ஏன் மறுபடி ஒண்ணா இருக்கக் கூடாது என்று போனில் கேட்டாள். “மாசத்துல ஒரு நாள் நல்லாத்தான் இருக்கு. அதை ஏன் முப்பதாக்கிக் கெடுக்கணும்?” என்றாள் அம்மா. மகளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் வண்டி கைக்கு வந்தது. காலையில் முக்காலியையும் எல்லைக்கற்களையும் ஏற்றிக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மேட்டு நிலத்தை அளக்கப் போனாள். வழியில் ஒரு தடவைகூட வண்டி நடுங்கவில்லை. மூன்று நாள் வேலை அது. முதல் நாளே பாதி முடிந்துவிட்டது.